பெட்டி போனால் போகட்டும்

கவுஞ்சி,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

சௌம்யா எழுதுகிறேன். போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் நாம் இரண்டு பேரும் ஏப்ரல் மாதச் சண்டைக்குப் போய்விடுகிறோம், அதனால்தான் கடிதம். அண்ணனிடம் காட்ட வேண்டாம்.

கோடை இடியைப் படம் பிடிக்க அண்ணனின் ஸ்டூடியோ காமிராவைக் கேட்காமல் அணைக்கரைக்கு எடுத்துப் போனது என் தப்பு. அது நனைந்து செத்ததும் என் தப்பு. ஸ்டூடியோ சுவருக்குள் இருந்தால்தான் இன்சூரன்ஸ் செல்லும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தப் பாலிசியைப் போட்டுக் கொடுத்தது நீங்கள் என்பதால் அண்ணன் உங்களையும் சேர்த்துப் பேசினாரே, அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். "இனிமே இந்தப் படி ஏறாத" என்றார். ஏறவில்லை.

பெங்களூரில் ஒரு வானிலை இதழ் என் பழைய மின்னல் படங்களைப் பார்த்துவிட்டு மூன்று மாத வேலை கொடுத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கொடைக்கானல் மலைமேல் ஏறும் புயல்களைப் படமெடுக்க வேண்டும். கவுஞ்சியில் ஒரு வீட்டின் பின்னறையையும் ஒரு ஜீப்பையும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் திருமலைச்சாமி அண்ணன், அவர் மனைவி காளியாயி அக்கா. பூண்டும் கேரட்டும் போடுகிறவர்கள். சரிவுக்குக் கீழே வரிசையாக ஆறு வீடு, அதில் மூன்றாவது. பின்னால் ஏறினால் முகடு. அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். மேகம் எங்கே திரண்டாலும் எனக்குத் தெரியாமல் திரள முடியாது.

இப்போது விஷயம். மழை தாங்கும் காமிரா ஒன்று புதிதாக வாங்கிவிட்டேன். இரண்டாவதாக ஒன்று, ஒருவர் பயன்படுத்தியது, கோயம்புத்தூரில் விலைக்குக் கிடைக்கிறது. மழையில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது, அதனால் இரண்டு காமிரா வேண்டும். அகலமான லென்ஸ் ஒன்று, தூரத்துக்கு ஒன்று. காற்றில் ஆடாத கனத்த முக்காலி. மின்னல் வெட்டியதும் தானே படமெடுக்கும் சின்னக் கருவி ஒன்று. அத்தனைக்கும் இன்சூரன்ஸ் போட வேண்டும். 'கல்யாணப் புகைப்படம்' என்று எழுதிவிட்டால் சுலபமாக முடியும் என்று இங்கே ஒருவர் சொன்னார். முடியுமா?

அன்புடன்,
சௌம்யா


பழநி,
14 செப்டம்பர் 2024

அன்புள்ள சௌமிக்கு,

உன் அண்ணனிடம் காட்டவில்லை. உறைமேல் இருந்த கையெழுத்தை அவரே பார்த்துவிட்டார். கடை சாத்தும்வரை மொட்டை போட்டவர்களைக் குடும்பம் குடும்பமாக நிற்கவைத்துப் படமெடுத்துக்கொண்டே இருந்தார்.

'கல்யாணப் புகைப்படம்' என்று எழுத மாட்டேன். பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். பொய் எழுதிய பாலிசி நல்ல நாளில் எல்லாம் செல்லும், பொருள் போகிற அன்றைக்கு மட்டும் செல்லாது. 'புயல், மின்னல் ஆகியவற்றை வெட்டவெளியில் படமெடுக்க' என்று உன் கையாலேயே எழுது. கட்டணம் ஏறும், ஏறட்டும்.

கோயம்புத்தூர் காமிராவுக்குப் பில் உண்டா? இல்லையென்றால் வாங்காதே. பில்லும் வரிசை எண்ணும் இல்லாத பொருளைப் பட்டியலில் ஏற்ற முடியாது. அதற்குப் பதிலாக அதே கம்பெனியில் ஒருபடி கீழே உள்ளதைப் புதிதாக வாங்கு. தூரத்து லென்ஸை இந்த வருஷம் விட்டுவிடு. மிச்சப்படுவதில் ஈரம் புகாத கெட்டிப் பெட்டி ஒன்று வாங்கு, உள்ளே பஞ்சு வைத்தது. மின்னலால் போன காமிராவை நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. கொடைக்கானலிலிருந்து என்னிடம் வந்த பாதிப் பேர் லென்ஸில் பூஞ்சை பிடித்தது என்று வந்தவர்கள். பூஞ்சை, துரு, தேய்மானம் எதற்கும் ஒரு பைசா கிடையாது.

இன்னும் மூன்று. ஆளில்லாமல் விட்டுவிட்டு வந்த பொருள் போனால் கேட்க முடியாது. முக்காலியை வெளியே நிறுத்திவிட்டு நீ ஜீப்புக்குள் உட்கார்ந்தாலும், அது உன் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். அறையில் வைத்திருக்கும்போது அறை பூட்டியிருக்க வேண்டும், சாவி உன்னிடமே இருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பெட்டியைத் திறந்துவைத்து, அது இருக்கும் இடம் தெரிய, அன்றைய செய்தித்தாளோடு ஒரு படமெடுத்துப் பிரிண்ட் போட்டு, பின்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இந்தக் கடைசியைக் கம்பெனி கேட்கவில்லை. நான் கேட்கிறேன். வாட்ஸப்பில் அனுப்பாதே, படம் சுருங்கி எண் தெரியாது.

சாப்பாட்டை விட்டுவிடாதே.

சண்முகசுந்தரி


கவுஞ்சி,
27 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தாயிற்று. பில் இல்லாத காமிரா வேண்டாம் என்றதும் அந்த ஆள் போனையே எடுப்பதில்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். தண்ணீரில் போட்டால் மிதக்குமாம். திருமலைச்சாமி அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, ஒரு மூடை பூண்டு கனம் கனக்குதே! உள்ள என்ன, கல்லா?" என்றார். ஒன்றொன்றாக எடுத்துக் காட்டினேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டுதான் தொட்டார். "இம்புட்டுச் சாமானை வச்சு இடியப் புடிக்கப் போறியாக்கும்" என்று காளியாயி அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

இதோடு வைத்திருப்பது முதல் படம். சன்னலுக்குக் கீழே இருக்கும் கல்மேடையில் பெட்டி. சன்னல் வழியே தெரிவது பின்பக்கத்து மின்கம்பமும் சரிவும். அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். சாவி என் கழுத்தில், தாலிக்கயிறு மாதிரி தொங்குகிறது என்று அக்கா கேலி செய்கிறார்.

விண்ணப்பத்தில் உண்மையையே எழுதியிருக்கிறேன். எழுதிப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

சௌம்யா


பழநி,
20 அக்டோபர் 2024

அன்புள்ள சௌமிக்கு,

பாலிசி வந்துவிட்டது. இதோடு நகல் வைத்திருக்கிறேன், பத்திரப்படுத்து. இரண்டாவது படமும் வந்தது.

ஒன்று கவனித்தேன். முதல் படத்தில் சன்னல் நன்றாகச் சாத்தியிருந்தது. இரண்டாவதில் ஒரு கதவு சாத்தாமல் நிற்கிறது, இடுக்கில் சாக்கைத் திணித்திருக்கிறாய். அதன் வழியே ஈரம் வரும். பெட்டி மூடியிருந்தாலும் நீ திறக்கும்போது ஈரம் உள்ளே போகும். ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்.

இந்தப் பாலிசியில் சாமானுக்கு மட்டும்தான் காப்பு. ஆளுக்கு எதுவும் இல்லை. உனக்கு விபத்துக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். படிவம் அனுப்புகிறேன். வாரிசு என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவாய் என்று நினைத்தேன். அண்ணன் பெயரை எழுது.

சண்முகசுந்தரி


கவுஞ்சி,
4 நவம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

வாரிசுப் படிவத்தை இன்னும் நிரப்பவில்லை. மன்னியுங்கள், நேரமே இல்லை. என் வாழ்நாளில் இப்படி ஒரு வாரத்தைப் பார்த்ததில்லை.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். பள்ளத்தாக்கில் காற்றே இல்லை. குருவிச் சத்தம்கூட இல்லை. மேற்கே மேகம் எழுந்து, மேலே போய்ப் கொல்லன் பட்டடைக் கல் மாதிரித் தட்டையாக விரிந்தது. அடிப்பக்கம் கன்றிப்போன காயத்தின் நிறம். முக்காலியை முகட்டில் நிறுத்தி, கால்களுக்குக் கல் அடுக்கி, மழையுறை மாட்டிவிட்டு ஜீப்புக்குள் உட்கார்ந்தேன். நீங்கள் சொன்ன தூரம்தான். முதல் மின்னல் எதிர் மலையில் இறங்கியது. அதற்குப் பிறகு எண்ணவில்லை. மேகம் என்னை நோக்கித்தான் வந்தது. ஓடிப்போய்க் காமிராவை எடுக்கலாமா, விடலாமா என்று கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தேன். திறக்கவில்லை. முப்பதடி தள்ளி ஒரு சீகை மரம் பிளந்து விழுந்தது. காதில் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் புகுந்த மாதிரி இருந்தது. காமிராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. படங்களைப் பார்த்தால் நீங்கள்கூடத் திட்ட மாட்டீர்கள்.

ஆசாரி வந்தார். சன்னலை இழைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நாலே நாளில் மறுபடி சாத்த முடியவில்லை. வாசற்கதவும் இப்போது தரையில் உரசுகிறது. மழையில் மரம் ஊறிவிட்டது என்கிறார் திருமலைச்சாமி அண்ணன். காளியாயி அக்காவுக்கு ஊற்றுத் தண்ணீரைப் பற்றித்தான் கவலை. "எத்தனை மழை பேஞ்சாலும் இந்தத் தண்ணி கலங்குனதில்ல. இப்பப் பாரு, டீத்தண்ணி மாதிரி வருது. மேல மண்ண நோண்டுறாகல்ல, அதேன்." மேலே, சரிவின் பாதியில், வெளியூர்க்காரர் ஒருவர் காட்டேஜ் கட்டுவதற்காக மலையை வெட்டுகிறார். மண் அள்ளும் இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். மலையில் அதற்குத் தடை; யாராவது கேட்டால், உள்ளே வெட்டி அடுக்கிய மரம் என்பார்கள்.

மூன்றாவது படம் இதோடு. அடுத்த வாரம் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் என்கிறார்கள். இதழ்க்காரர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். நானும்தான்.

சௌம்யா


பழநி,
10 நவம்பர் 2024

சௌமி,

நேற்றிலிருந்து பதினாறு முறை போன் போட்டுவிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. அங்கே கரண்டும் இல்லையாம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரட் ஏற்றி வந்த உங்கள் ஊர் லாரிக்காரர் தங்கமுத்துவைப் பிடித்து இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் நின்ற இடத்தில் நின்று படி.

மூன்றாவது படம் வந்ததும் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். பெட்டியைப் பார்ப்பதற்குத்தான் வைத்தேன். பார்த்தது சுவரை. முதல் படத்தில் சன்னல் மூலையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் நூல் மாதிரி ஒரு கோடு. மூன்றாவதில் அந்தக் கோடு கூரைவரை ஏறியிருக்கிறது. வெளியே மின்கம்பம் முதல் படத்தில் சன்னல் கம்பிக்கு நேராக நின்றது. இப்போது வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

நீ வேறு இடத்தில் நின்று எடுத்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போய் உன் அண்ணனிடம் கொடுத்தேன். ஏழு மாதமாக உன் பெயரைச் சொல்லாத மனிதர். மூன்று படத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெட்டிக்கு மேல் பெட்டி சரியாகப் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அப்புறம், "அவ ஒரே எடத்துலதேன் நின்னு எடுத்திருக்கா. செவுருதேன் நகர்ந்திருக்கு" என்றார்.

கதவு உரசுவது மழையில் ஊறியதால் அல்ல. ஊற்று கலங்குவது, கம்பம் சாய்வது, எல்லாம் ஒரே காரியம். அந்தச் சரிவு இறங்குகிறது.

என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால், விரிசலின் குறுக்கே ஒரு காகிதத்தைப் பசை வைத்து ஒட்டு. காலையில் அது கிழிந்திருந்தால் ஒரு நிமிஷம்கூட அங்கே இருக்காதே. ஆறு வீட்டு ஆட்களையும் கிளப்பு. எதையும் எடுக்காதே. பெட்டி போனால் போகட்டும். அதற்குத்தானே பாலிசி போட்டிருக்கிறோம்.

உன் அண்ணன் கீழே இரண்டு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினார். எழுதவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சண்முகசுந்தரி


கவுஞ்சி, பள்ளிக்கூடம்,
25 நவம்பர் 2024

மதினி,

என் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனதால் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கேயும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், முதலிலிருந்து.

உங்கள் கடிதம் பதினோராம் தேதி சாயங்காலம் கிடைத்தது. படித்துவிட்டு எரிச்சல்தான் வந்தது. தாழ்வு மண்டலம் வருகிற நேரத்தில் மதினிக்கு விரிசல் கண்ணில் பட்டதா என்று. ஆனாலும் காகிதத்தை ஒட்டினேன். செய்தித்தாள் ஓரத்தைக் கிழித்து, சோற்றுப் பருக்கையால். விடிந்ததும் பார்த்தேன். நடுவில் கிழிந்து, ஒரு பாதி மற்றப் பாதியைவிட விரற்கடை கீழே இருந்தது.

திருமலைச்சாமி அண்ணனைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். வெட்டிய இடத்துக்கு மேலே புல்லுக்குள் ஒரு பிளவு, வில் மாதிரி வளைந்து, ஒரு பஸ் நீளத்துக்கு. அண்ணன் தன் கம்பை உள்ளே விட்டார். கம்பு முழுவதும் போயிற்று. "வெரசா எறங்கு" என்றார்.

ஆறு வீட்டையும் கிளப்பச் சாதாரணப் பாடு படவில்லை. பரண் நிறைய விதைப்பூண்டு கட்டிக் கிடக்கிறது, அதை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? "மழைன்னா செவுரு வெடிக்கத்தேன் செய்யும், இதுக்குப்போய்க் குடி எழும்பச் சொல்றியா?" என்று கீழ்வீட்டு ராக்காயி என்னிடம் சண்டைக்கு வந்தார். திருமலைச்சாமி அண்ணன்தான் அதட்டினார். "ஏலே, நான் கம்ப விட்டுப் பாத்துட்டு வந்து சொல்றேன். பேசுற சோலி அப்பறம். வெள்ளனே கெளம்புங்க." மத்தியானம் ஒன்றரைக்கெல்லாம் எல்லாரும் எதிர்மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோம். மழை கொட்டியது. மேலே மேகம் நான் இரண்டு மாதமாகக் காத்திருந்த மேகம். ஏறிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு மழை விட்டது. சரிவு அப்படியே இருந்தது. வீடுகள் அப்படியே இருந்தன. எல்லாரும் என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது மாடு கத்தியது. எங்கள் வீட்டுப் பின்கொட்டத்தில் கட்டியிருந்த மாட்டை அவசரத்தில் யாரும் அவிழ்க்கவில்லை. காளியாயி அக்கா, "வாயில்லாச் சீவன் கத்துதே, போயி அவுத்து விட்டுட்டு வந்துருங்க" என்றார். திருமலைச்சாமி அண்ணன் துண்டை உதறித் தலையில் கட்டினார். படியிறங்கும்போது என்னிடம் திரும்பி, "ஏத்தா, ஒன் பெட்டி உள்ளதான கெடக்கு? அப்படியே தூக்கிட்டு வந்துர்றேன்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கடிதம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. பெட்டி போனால் போகட்டும் என்ற வரி எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் புதன்கிழமை மின்னல் படங்கள் இருந்த மெமரி கார்டு, நகல்கூட எடுக்காதது, பெட்டிக்குள் இருந்தது. ஐந்து நிமிஷ வேலை, மழையும் விட்டுவிட்டது என்று மனம் கணக்குப் போட்டது. கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "பாத்துப் போங்கண்ணே" என்றேன்.

மாடு தனியாக ஏறி வந்தது. கழுத்தில் அவிழ்த்த கயிறு இழுபட்டுக்கொண்டு. அக்கா, "இந்தா வந்துருச்சுல்ல" என்று எழுந்தார். அப்புறம்தான் சத்தம். இடி மாதிரி இல்லை. லாரியில் உருளைக்கிழங்கு கொட்டுகிற மாதிரி, முடியாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. மின்கம்பம் படுத்தது தெரிந்தது. எங்கள் வீடும் அதற்கு இரண்டு பக்கத்து வீடுகளும் இருந்த இடத்தில் சிவப்பு மண் நடந்து போனது.

மறுநாள் மத்தியானம் அவரை எடுத்தார்கள். கொட்டத்தில் இல்லை. என் அறையில் இருந்தார். பெட்டி கிடைக்கவில்லை.

மாட்டுக்காகப் போனார், மாட்டால் செத்தார் என்று ஊரே பேசுகிறது. அக்காவும் அப்படித்தான் நம்புகிறார். அந்த மாட்டை அவர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. "அது கத்தலைன்னா அவரு போயிருக்க மாட்டாரு. அத எவனுக்காச்சும் புடிச்சுக் குடுத்துருங்க" என்கிறார். "நாந்தானே போகச் சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதைவிடக் கேடு கெட்ட காரியம் உண்டா மதினி?

என் அண்ணன் பழநிக்குக் கூப்பிட்டார். வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்காமல் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சௌம்யா


பழநி,
2 டிசம்பர் 2024

அன்புள்ள சௌமிக்கு,

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் என்னால் பேனாவை எடுக்க முடியவில்லை. அறையைப் பூட்டச் சொன்னது நான். சாவி உன்னிடமே இருக்க வேண்டும் என்றதும் நான். கதவு திறந்தே கிடந்திருந்தால் அவர் சீக்கிரம் வெளியே வந்திருப்பாரோ என்று படுத்தால் தோன்றுகிறது. பூட்டைத் திறக்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? கதவு வேறு உரசும் என்று எழுதியிருந்தாய்.

இதைச் சொல்லிக் குற்றத்தை உன்னோடு பங்கு போட்டுக்கொள்ள வரவில்லை. வேறு ஒரு வேலையாக எழுதுகிறேன். கிளெய்ம் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். குறிப்பிட்ட நாளுக்குள் கொடுக்க வேண்டும். என் எச்சரிக்கைக் கடிதத்தின் நகலையும் சேர்த்துத்தான் அனுப்பப் போகிறேன். அதனால் கிளெய்ம் தள்ளுபடி ஆனாலும் ஆகட்டும்.

பதினோராம் கேள்வியைப் பார். 'பொருளைக் காப்பாற்ற என்ன முயற்சி எடுக்கப்பட்டது?' இதுவரை நூறு பேருக்காவது இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். தார்ப்பாய் போட்டு மூடினோம், தண்ணீரை இறைத்தோம் என்று எழுதுவேன். அந்தக் கேள்வியை ஒருநாளும் யோசித்ததில்லை. உள்ளதை எழுதினால் அவர்கள் அதை உனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பொருளைக் காப்பாற்றப் பொறுப்பாக முயன்றதாகக் கணக்கு.

காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள். 'எதுவும் செய்யவில்லை' என்று எழுதினால் பொய். கிளெய்மே வேண்டாம் என்றால் படிவத்தைக் கிழித்துப் போடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் எதை எழுதினாலும், காகிதத்தில் எழுதுவதற்கு முன்னால் அந்த அம்மாளிடம் சொல். எங்கள் ஆபீசில் இருக்கும் யாரோ ஒருவருக்கு, அவருக்கு முன்னால் தெரியக் கூடாது.

தைரியம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் வரட்டுமா?

சண்முகசுந்தரி


கவுஞ்சி, பள்ளிக்கூடம்,
11 டிசம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

வர வேண்டாம். நானே வருகிறேன், பத்து நாளில்.

போன வியாழக்கிழமை மாட்டை வாங்க வடகவுஞ்சியிலிருந்து ஒருவர் வந்தார். கயிற்றை மாற்றிக் கட்டிவிட்டார். அக்கா வகுப்பறைக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். பெட்டியைப் பற்றி அண்ணன் கேட்டது, நான் சாவி கொடுத்தது, மதினி எதையும் எடுக்காதே என்று எழுதியிருந்தது, எல்லாம். மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் என் அறைக்குள் போயிருக்கிறார், மாடு கத்தியதற்காக மட்டும் போயிருந்தால் திரும்பி வந்திருப்பார் என்றும் சொன்னேன்.

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. ரொம்ப நேரம் சாவி தொங்கிய என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போய், வியாபாரி கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். "குடுக்கல, நீங்க போங்க" என்றார். மாட்டின் நெற்றியில் கையை வைத்தபடி இருட்டும்வரை நின்றார். அன்றிலிருந்து ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. எனக்குச் சோறு மட்டும் தட்டில் போட்டு வாசலில் வைப்பார். ராக்காயி வந்து என் முகத்துக்கு நேராகவே, "ஒரு டப்பாவுக்காக ஒரு உசிரையே அனுப்பிட்டியே" என்றார். அதில் என்ன தவறு இருக்கிறது?

மேலே காட்டேஜ் வேலைக்கு அதிகாரிகள் சீல் வைத்துவிட்டார்கள். மண் வெட்டியவர்மேல் வழக்குப் பதிவாகியிருக்கிறது. நான் அனுப்பிய மூன்று படங்களின் பிரிண்ட்டையும் கேட்கிறார்கள். அண்ணனிடம் சொல்லி நகல் போட்டு அனுப்புங்கள். மிச்சமிருக்கும் மூன்று வீட்டிலும் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிளவு இன்னும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. மழை பெய்யும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம்.

பெங்களூருக்கு எழுதிவிட்டேன், படங்கள் இல்லை என்று.

உங்கள் படிவத்தைக் கிழித்துவிடத்தான் நினைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தார். "என்ன தாளு அது?" என்றார். இன்சூரன்ஸ் தாள் என்றேன். "என்ன கேக்குறாக?" கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பதினோராவதைப் படித்துவிட்டு நிறுத்தினேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இத நிரப்பலையா?"

"இல்லக்கா. கிழிச்சுப் போடப் போறேன். எழுத மனசு வரல."

அவர் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்த அரசாங்கச் சான்றிதழ். "இதுல என்னமோ செவுரு விழுந்து செத்தாருன்னு எழுதியிருக்காகளாம், தங்கமுத்து படிச்சுச் சொன்னான். விழப்போற செவுருக்குள்ள அந்த மனுசன் எதுக்குப் போனாருன்னு ஒருத்தரும் கேக்கல. வந்தாக, எழுதுனாக, போயிட்டாக. ஒந் தாளு கேக்குதுல்ல? எழுது."

என்னால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. "எழுதுத்தா" என்றார் மறுபடி. அதட்டலாக. எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வயசைத் திருத்தினார். பணம் வந்தால் அவர் பேருக்கே மாற்றச் சொல்கிறேன் என்றேன். "அத அப்பறம் பாப்போம்" என்று எழுந்து போய்விட்டார். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கப்போவதில்லை.

பதினோராம் கேள்விக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: 'வீட்டுக்காரர் திருமலைச்சாமி, வயது ஐம்பத்து நான்கு, பெட்டியை எடுத்து வர உள்ளே போனார். போகச் சாவி கொடுத்தது நான்.' கொடுத்திருக்கும் கோடு போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறியிருக்கிறது. திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.

சௌம்யா